ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஒரே இடம்

ஐம்பது வயதாகப் போகிறது என்று நான் சந்தோஷப்பட்டதை என் கணவரால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை. ட்ரயத்லானில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டும். வயதை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் பரிசு தருவார்கள். நாற்பத்தொன்பதில் நான் பழைய பிரிவின் கிழவி. ஐம்பதில் புதிய பிரிவின் இளையவள். வெளிநாட்டில் நடக்கும் உலகப் போட்டிக்கு எங்கள் பிரிவில் ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் இரண்டு வருடம் போட்டிகளுக்குப் போகாமல் காத்திருந்தேன்.

கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீச்சலில் மற்றவர்களைவிட எட்டு நிமிடம் முன்னால் வருவேன். சைக்கிளில் அதில் ஐந்தாறு நிமிடம் போய்விடும். மீதியை ஓட்டத்தில் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். வெயிலில் நடக்கும் போட்டி, மேடில்லாத சாலை, வெளியூர்க்காரர்கள் அதிகம் வராத மாதம் என்று பார்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் போட்டியையே தேர்ந்தெடுத்தேன்.

கூடவே பயிற்சி செய்தவள் தி.நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். என்னைவிட ஏழு மாதம் சின்னவள். அதற்கே என்னை அக்கா என்பாள். சைக்கிளில் ஏறினால் அவளைப் பிடிக்க முடியாது. கடல் என்றால் மட்டும் நடுங்குவாள். பெசன்ட் நகரில் துணைக்குப் படகு வைத்துக்கொண்டு நாங்கள் நீந்தும்போது, அலையைத் தாண்டியதும் "அக்கா, அக்கா" என்று கத்துவாள். "இங்கதான் இருக்கேன், மூச்சை விடு" என்பேன். டிசம்பர் கடைசியில் என்ன வயதோ அதுதான் கணக்கு என்பதால் இருவரும் ஒரே பிரிவு, ஒரே இடம். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அவள் நீச்சலில் இருபது நிமிடம் பின்தங்குவாள் என்பதால் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள் வங்கக் கடலில் பருவம் தப்பிய ஒரு காற்றழுத்தத் தாழ்வு. விடியற்காலையில் தொப்பியும் கண்ணாடியுமாக மணலில் நின்றபோது சிவப்புக் கொடி ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்: நீச்சல் ரத்து. சைக்கிளும் ஓட்டமும் மட்டும்.

நடத்துபவர்களில் ஒருவரிடம் ஓடினேன். "சார், இதைவிடப் பெரிய அலையில நீந்தியிருக்கேன். தூரத்தையாவது குறைச்சு வைக்கலாமே?"

"உங்களால முடியும் மேடம். முந்நூறு பேர் இருக்காங்களே. யாருக்காவது ஒண்ணுன்னா நான் இன்னா பண்றது?"

அவர் சொன்னது நியாயம். திரும்பிப் பார்த்தால் அவள் நின்றிருந்தாள். பயத்தில் காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்தவளின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தாள்.

"சாரிக்கா."

"அலையை நீயா கூட்டிட்டு வந்த? போய் சைக்கிளைப் பாரு."

நீச்சல் இல்லாததால் ஒவ்வொருவராகக் கிளப்பினார்கள்; எனக்கு நாலு நிமிடம் கழித்துத்தான் அவளைக் கிளப்பிவிட்டார்கள். முட்டுக்காடு தாண்டுவதற்குள் என்னைக் கடந்துவிட்டாள். பக்கத்தில் வந்தபோது வேகத்தைக் குறைத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "போ!" என்று கத்தினேன். எதிர்காற்றில் என் கால்கள் அழுத்தின, சைக்கிள் நகர்ந்தால்தானே. ஓட்டத்தில் இரண்டு பேரைத் தாண்டினேன். எங்கள் பிரிவில் நான்காவதாக வந்தேன். அவள் இரண்டாவது.

மாலையில் ஒரு மண்டபத்தில் உலகப் போட்டிக்கான இடங்களைக் கொடுத்தார்கள். முதலில் வந்தவர் வேண்டாமென்றால் இரண்டாமவருக்கு, அவரும் மறுத்தால் மூன்றாமவருக்கு. கூப்பிட்டதும் அங்கேயே சம்மதம் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் முதலில் வந்த பெண் வேறு போட்டியில் ஏற்கெனவே தகுதி பெற்றவர்; கையை ஆட்டி மறுத்துவிட்டார். அடுத்து இவள் பெயர். மூன்றாவதாக வந்தவர் மதியமே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லாம இருந்துடவா? உங்களுக்கு வந்துடும்."

இரண்டாவது முறை அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இங்கே பொய் சொல்லப் போவதில்லை: இரு, பேசாமல் இரு என்று என் மனம் கெஞ்சியது. அப்படி ஒரு கெஞ்சல் எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. பிறகு என் வாய் வேறு சொன்னது.

"கையைத் தூக்குடி."

தூக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மயிலாப்பூருக்குத் திரும்பும் காரில் கணவர் வானொலியைப் போட்டார், நிறுத்தச் சொன்னேன்.

உலகப் போட்டி நடந்தது குளிர்நாட்டு ஏரியில். ஏழு மாதம் அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். தூரம் வந்துவிட்டது, பயமும் பாதி போய்விட்டது. குளிர்ந்த தண்ணீருக்குத்தான் சென்னையில் எங்கே போவது? அவள் வீட்டு மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஐஸ் பாளங்களைப் போட்டு அவளை உள்ளே இறக்கினோம். பற்கள் அடித்துக்கொள்ள, "போதும்க்கா, போதும்க்கா" என்று சிரித்தாள். நாலு நிமிடம் தாங்கினாள். ஏரியில் அவள் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். இருவருக்கும் அது தெரியும். வேறு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

போட்டியன்று மதியம் அடுப்பை அணைத்துவிட்டு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீச்சல் முடித்துக் கரையேறினால் போட்டியின் இணையப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே நேரம் வரும். ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும். ஐம்பது நிமிடமாயிற்று. ஒரு மணி ஆயிற்று.

"அதையே பாத்துண்டு இருந்தா வந்துடுமா? சாப்டுட்டுப் பாரேன்" என்றார் கணவர்.

எழுபது நிமிடம் கடந்தும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. உயிரோடு இருக்கிறாளா என்று யாரிடம் கேட்பது? அவள் கணவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் இன்னும் நடுங்கியது.

"தூக்கிட்டாங்கக்கா. கை மரத்துப் போச்சு. நான் நீந்திக்கிட்டுத்தான் இருந்தேன், போட்ல இழுத்துப் போட்டுட்டாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்துச்சு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க வந்திருந்தா முடிச்சிருப்பீங்கக்கா."

முடித்திருப்பேன் என்றுதான் எனக்கும் தோன்றியது. சூடாக ஏதாவது குடித்தாயா என்று கேட்டேன். குடித்தேன் என்றாள். வெகுநேரம் இருவருமே போனை வைக்கவில்லை.