திரையின் நிறம்

தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வஹிதா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். 1989இல் அங்கே கலர் மானிட்டர் வந்தது. ஆனாலும் எழுதும் புரோகிராமைத் திறந்தால் பழையபடி கறுப்புத் திரையில் பச்சை எழுத்துதான். நாள் முழுக்க அதைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் நீர் வடிந்தது.

"நீலத் திரையில வெள்ளை எழுத்தா மாத்திடலாங்களா சார்?" என்று முதலாளி மாதப்பனிடம் கேட்டாள்.

அவரும் அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் பெரியண்ணனும் டீ குடித்தபடி விவாதித்தார்கள். "மாத்துனா படிக்கிற பசங்க குழம்பிப் போவாங்க," என்றார் பெரியண்ணன். "பச்சையா இருந்தாத்தான் கம்ப்யூட்டர்னு ஜனங்க நம்புவாங்க," என்றார் மாதப்பன். பக்கத்திலேயே இருந்த வஹிதாவை இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிறபடியே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள்.

சில மாதங்களில் அவள் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. பாலக்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு வரவேயில்லை.

அப்புறம் மாதப்பனின் மகள் கம்ப்யூட்டர் பழக வந்தாள். "கண்ணு எரியுதுப்பா," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பெரியண்ணன் உடனே எழுந்துபோய் நிறத்தை மாற்றினார்.

"இப்ப எல்லாருக்கும் வசதிதானுங்களே?" என்று வஹிதாவைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் நீலத் திரையில் முதல் வரியை அடித்தாள். எழுத்து அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.