அப்பாவின் காது அடைத்திருந்த நாட்கள்

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, நாலு வயதுத் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெரியப்பா பேசிச் செய்தி சொல்லி, துபாயிலிருந்து அப்பா வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்த மறுநாள்தான். கொச்சியில் விமானம் இறங்கும்போதே சளியால் இரண்டு காதும் அடைத்துவிட்டதாம். குமுளி மலையில் கார் இறங்க இறங்க அடைப்பு இன்னும் இறுகியது. சுருளிப்பட்டியில் எங்கள் வாசலில் வந்து நின்றவருக்குப் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

துக்கத்தை மெதுவாகச் சொல்வதுதான் வழக்கம். அப்பாவிடமோ கத்த வேண்டியிருந்தது. "என்னண்ணே ஆச்சு?" என்று அவர் கேட்கக் கேட்க, பெரியப்பா காதருகே குனிந்து, "மூளைக்காய்ச்சல்னு சொன்னாகப்பா! தேனிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே கத்தினார்கள். அம்மா மட்டும் குரலை உயர்த்தவில்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அப்பா போய் அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்; பிறகு எழுந்து வந்துவிடுவார்.

அத்தை நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கவைத்தாள். காதில் எண்ணெய் விடலாமா என்று கேட்டதற்குக் கம்பத்து டாக்டர் கூடவே கூடாது என்றார். "எச்சில முழுங்கச் சொல்லுங்க, கொட்டாவி விடச் சொல்லுங்க. தன்னால தெறந்துரும்."

கொட்டாவி எனக்குத் தெரிந்த வித்தை. வகுப்பில் ஒருத்தி விட்டால் வரிசையே விடும். மத்தியானம் அப்பா உள்ளறையில் இருந்தபோது எதிரே உட்கார்ந்து வாயைப் பிளந்து காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. தாடை வலிக்க வலிக்க விட்டேன். கடைசியில் அவர் வாயும் மெல்லத் திறந்தது. சட்டென்று தலையைச் சாய்த்தார்.

அம்மா அப்போதும் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்பா வந்துட்டாகளா, வந்துட்டாகளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். வந்துட்டாகய்யான்னு பொய் சொன்னேன். எங்கன, எங்கனன்னு தேடுனான்."

அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "அப்பாவுக்குக் காது தெறந்துருச்சு!" என்று வாசலுக்கு ஓடினேன். பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

உள்ளே திரும்பி வந்தால், அப்பா இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். மறுபடியும் அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவர் முன்னால் உட்கார்ந்து இன்னொரு கொட்டாவி விட்டேன்.