அம்மா என்னிடமிருந்து சாவியை வாங்கிய நாள்

அம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அடக்க நாளன்று மழையில் நனைந்தபடி எங்கள் வாசலில் நின்றவர்கள். உங்களுக்கு அம்மாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. என்னைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு அம்மாவின் வாழ்க்கையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

அம்மா சாத்தூருக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போனார்கள். திருமணமாகி சிவகாசிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது இங்கே கிறிஸ்தவ வீடுகள் ஏழுதான். லாரி ஓட்டிய அப்பா மஞ்சள்காமாலையில் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. அதன்பின் பட்டாசு ஆபீஸில் சரவெடி பின்னித்தான் எங்களை வளர்த்தார்கள். வேதத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் அந்த நாட்களில்தான். வாசித்ததை மறுநாளே உடன் வேலை செய்யும் பெண்களிடம் கதையாகச் சொல்வார்கள். அவர்கள் மடக்கினால் வாதாடுவார்கள்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, ஊரார் வசதியான மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தார்கள். மூன்று வீட்டுப் பெண்களும் மறுத்துவிட்டார்கள். மணல் லாரி வைத்திருந்த ஒருவர் மட்டும் தன் மனைவியை நிறுத்தித் தானே ஆளத் தயாராக இருந்தார். அன்று மாலை அம்மா என்னிடம் சொன்னார்கள்:

"மரமெல்லாம் ராசா தேடிப் போன கதை வேதத்துல இருக்குல்லே. ஒலிவ மரம், அத்தி மரம், திராட்சைக் கொடி எல்லாம் எங்களுக்கு வேல இருக்குன்னுருச்சுக. கடைசியில முள்ளுச்செடி வந்து, என் நெழல்ல ஒதுங்குங்கன்னுச்சு. முள்ளுல ஏது நெழலு? எல்லாரும் முள்ளத்தான் வையிறோம். மாட்டேன்னு சொன்ன மரங்கள ஒருத்தரும் வையலையே!"

மறுநாள் மனுத் தாக்கல் செய்தார்கள். பட்டாசு ஆபீஸ் பெண்கள் ஓட்டில் ஜெயித்தார்கள்.

இனி என் கதை. நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் துணையாக இருக்கிறேன் என்று வேலையை விட்டேன். முதலில் பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பிறகு முன்னால் நடந்தேன். ஊராட்சி அலுவலகச் சாவியும் முத்திரையும் என் சட்டைப் பையில் இருந்தன. அம்மா வருவதற்குள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். மணல் லாரிக்காரர் செய்ய நினைத்ததையே நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆண்டு புதுக் குடிநீர்க் குழாய் போட்டார்கள். அது தெற்குத் தெருவுக்கு என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. வேலை முடிந்து வரும் பெண்கள் ஒரு மைல் போய்த் தண்ணீர் எடுக்கும் தெரு அது. நான் குழாய் போட வந்தவர்களிடம், "அம்மா சொல்லிட்டாக, மேற்கே திருப்புங்க" என்றேன். மேற்கே என் மாமனார் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் தெற்குத் தெரு பொன்னுத்தாய் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவோடு சரவெடி பின்னியவர். வெளியிலேயே நின்று கேட்டார்:

"தலைவரம்மா, நீங்கதான் கொளாய மாத்தச் சொன்னீகளாமே? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போனபின், "ஒரு கொளாய்க்கு எதுக்கும்மா இம்புட்டு?" என்றேன்.

"சாமுவேல் தீர்க்கதரிசி கை சுத்தம்லே. ஆனா அவரு மக்க ரெண்டு பேரும் நியாயத்தப் புரட்டுனாக. அதனாலதான் சனங்க எங்களுக்கு ராசா வேணும்னு கேட்டு, பொறகு அந்த ராசாகிட்ட மாட்டிக்கிட்டு அழுதாக. மகன்கள சாமுவேல் என்ன செஞ்சாருன்னு தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணும் எழுதல" என்றார்கள் அம்மா. "அவரு என்ன செஞ்சாரோ. நான் செய்ய வேண்டியத நான் செய்யணும்."

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், பள்ளிக்கூட வளாகத்தில், ஊர் முழுக்க இருக்க, அம்மா எழுந்து நின்றார்கள். "கொளாயத் திருப்புனது என் மகன். என் பேரச் சொல்லித் திருப்பிட்டான். அவன்கிட்ட சாவியக் குடுத்து வச்சது என் தப்பு" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்கள். நான் சாவியையும் முத்திரையையும் அந்தக் கையில் வைத்தேன். அம்மா அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, குழாய் தெற்குத் தெருவுக்கே திரும்பும் என்று கூட்டத்துக்குச் சொன்னார்கள்.

மூன்று மாதம் நான் அம்மாவோடு பேசவில்லை. மாமனார் வீட்டில் சாப்பிட்டேன். அச்சகத்து வேலைக்கே திரும்பிப் போனேன். ஒருநாள் சைக்கிளில் தெற்குத் தெரு வழியாக வந்தபோது, வேலைவிட்டு வந்த பெண்கள் தங்கள் வாசலிலேயே கையில் படிந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று செம்பை நீட்டினார். அந்தச் செம்பைக் காலி செய்ய எனக்கு வெகுநேரம் ஆனது. நேரே வீட்டுக்குப் போய், "தப்புத்தாம்மா" என்றேன். "கை கழுவிட்டு வா, சோறு போடுறேன்" என்றார்கள்.

அடுத்த தேர்தலில் ஊரார் மறுபடி நிற்கச் சொன்னபோது அம்மாவுக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும் கூடியிருந்தன. முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தேர்தலில் நிற்கச் சொல்ல, பொன்னுத்தாய் அக்கா வீட்டுக்குப் போனார்கள்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும், தலைவரம்மா."

"மோசேகிட்ட அவரு மாமனாரு, சனங்களுக்கு நியாயம் பாக்க ஆள் பிடிக்கச் சொன்னப்போ, படிச்சவனப் பாருன்னு சொல்லல. தெய்வத்துக்குப் பயந்தவனப் பாரு, கைநீட்டி வாங்காதவனப் பாருன்னாரு."

"நான் மாரியாத்தாளக் கும்புடுறவ."

"கும்புடு. ஆத்தாளுக்குப் பயப்படுறியா இல்லையா? அது போதும்."

பொன்னுத்தாய் அக்கா ஜெயித்தார். காலில் வீக்கத்தோடு அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு நான்கு முறை போய், வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் காலை பஸ் கேட்டார்கள். அம்மாவைக் கடைசியாக மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாரத்தில் அந்த பஸ் ஓடத் தொடங்கியது. செய்தி கேட்டு, "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். ஐந்து நாள் கழித்து, விடியும் வேளையில், தங்கையின் மடியில் கண் மூடினார்கள்.

இரத்தம் கொடுத்த அச்சக நண்பர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அடக்கத்தன்று ஒருநாள் கூலியை விட்டு வந்து நின்ற பட்டாசு ஆபீஸ் சகோதரிகளுக்கும், ஜெபித்த போதகருக்கும், தன் வீட்டுத் துக்கமாக எல்லாவற்றையும் நின்று நடத்திய தலைவர் பொன்னுத்தாய் அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற மாதம் எங்கள் திருச்சபைக் கமிட்டிக்கு என் பெயரைச் சொன்னார்கள். குழாய் விஷயத்தை எல்லார் முன்னும் சொன்னேன். கேட்டபின்பும் தேர்ந்தெடுத்தார்கள். எனவே இதை வாசிக்கிற உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். நான் மீண்டும் தவறினால் தனியே அழைத்துச் சொல்ல வேண்டாம். என் பிள்ளைகள் இருக்கும்போதே, சபை நடுவில் எழுந்து சொல்லுங்கள். அதைச் சொல்ல இனி எனக்கு அம்மா இல்லை.