நின்றதால் இல்லை

பார்லரக்கா என்றால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கத்தரிக்கோலைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற வாண்டுகள்கூட அவளிடம் சமர்த்தாகத் தலையைக் கொடுத்துவிடும். பிடரியில் ஒட்டிய முடியைத் தட்டிவிடும்போது அவள் கை ஒரு கணம் அங்கேயே தங்கிவிடும்.

அவளுக்கு மூன்று முறை கரு கலைந்திருந்தது. "நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா எப்படித் தங்கும்?" என்று மாமியார் ஒருநாள் வாய்தவறிச் சொன்னது முள்ளாகத் தைத்துக்கொண்டது. மூன்றாவது முறை முக்காலியில் உட்கார்ந்தபடியே முடி வெட்டினாள். அப்படியும் தங்கவில்லை. யாராவது விசாரித்தால், "நீங்க வேற, எங்க வீட்டுக்காரர் ஒருத்தரையே வளத்து முடியல" என்று சிரித்து மழுப்புவாள். கணவனிடமும் அதே சிரிப்புதான்.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அழைத்துச் சொன்னார்.

"உள்சுவர்ல நாள்பட்ட அழற்சி இருக்கும்மா. பாக்டீரியாவால வந்திருக்கு."

"கிருமியா? நான் சுத்தமாத்தானே இருக்கேன்."

"சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அங்க கொஞ்சம் பாக்டீரியா இருக்கிறது சகஜம். சில வகை பெருகினா உள்சுவர் புண்ணாகும், வலிகூடத் தெரியாது. கரு தங்காததுக்கு அது காரணமா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல மாட்டேன். மாத்திரை தர்றேன்."

"அப்ப நான் நின்னதால இல்லையா?"

"இல்லம்மா."

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். "நின்னதால இல்லதானே?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, "சத்தியமா இல்ல" என்றார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் காத்திருந்த கணவனைக் கண்டதும் உடைந்துபோனாள். "எனக்குக் குழந்தை வேணுங்க. ரொம்ப வேணும்." கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். பஸ் ஓட்டுகிற அந்த மனுஷன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். "எனக்குந்தான்" என்றான்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டாள். பிறகு டீயைக் கொண்டுவந்து வைத்து, "என் வாயைத் தைக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரை முடிந்து எடுத்த மறுசோதனையில் அழற்சி இல்லை. ஆனாலும் ஒரு வருஷமாகக் குழந்தை உண்டாகவில்லை. போன மாதம் நாள் தள்ளிப்போனது. இருவரும் வீட்டில் சத்தமாகக்கூடப் பேசாமல் நடமாடினார்கள். பிறகு அதுவும் இல்லையென்றாகிவிட்டது. அன்று அவன் லீவு போட்டான். சன்னலோரம் உட்கார்ந்து, பிறந்தால் என்ன பேர் வைப்பது என்று பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.