மகளை அழைத்துப் போக வந்தவர்கள்

தலைப்பிரசவத்துக்குப் பினாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்த மகள், குழந்தை பிறந்தபின் தூக்கமில்லாமல் தவித்தாள். பெற்ற பிள்ளையைத் தொடவே அஞ்சினாள். பேய் பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. புகுந்த வீட்டார் அவளை வேண்டாம் என்று விட்டுவிடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் மாதம் அவளை அழைத்துப் போக, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் ஃபெரியில் வந்து, ரிக்ஷா பிடித்து வாசலில் இறங்கினார்கள்.

"கொஞ்ச நேரம் சிரிச்ச முகமா இரும்மா," என்று மகளிடம் கெஞ்சினேன். ஆனால் சம்பந்தியம்மா குழந்தையை நீட்டியதும் அவள் பின்வாங்கினாள்.

"முடியல அத்தை. கீழ போட்டுருவேன்னு பயமா இருக்கு."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"நான் தூக்குறேன், நீ பக்கத்துல உட்காரு," என்று அவளிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். "அத்தை, இவளுக்குச் சரியாகிற வரைக்கும் நானும் இங்கேயே இருக்கேன். ஃபெரி ஏறி வேலைக்குப் போய் வந்துக்கிறேன்."

"வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊரே சிரிக்கும்டா!" என்று சம்பந்தியம்மா சீறினார்.

"சிரிக்கட்டும்லா அம்மா. அவங்க யாரும் அத்தை கையால மீன்குழம்பு சாப்பிட்டதில்ல."

சம்பந்தியம்மா கோபித்துக்கொண்டு தனியாகத்தான் திரும்பினார்.

நேற்று, மாப்பிள்ளையின் மடியில் கிடந்த குழந்தையின் பாதத்தை மகள் ஒரு விரலால் தொட்டாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள். நாளை எப்படியோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் யாரிடமும் மறைக்க வேண்டியிராத பயம் கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது.