போர்டை இறக்காத ரோசலின்

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று நிற்கிறதே, நல்லுசாமி காம்ப்ளக்ஸ், எந்த ஆட்டோக்காரனைக் கேட்டாலும் கொண்டுவந்து இறக்கிவிடுவான். அந்த நல்லுசாமி நான்தான். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள் இது. எம்.ஏ. படித்தவர்கள் இன்றைக்கு என்னிடம் வாடகைக்கு இருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஏன் சொல்லக்கூடாது?

மூட்டை தூக்கினாலும் எண்ணத் தெரியும் எனக்கு. பேட்டையில் முதல் மூட்டையை 'ஒண்ணு' என்று யாரும் எண்ணுவதில்லை. 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்போம். லாபம், ரெண்டு, மூணு என்று லாரி நிறைகிறவரை கத்துவோம். அப்படி எண்ணினால்தான் வியாபாரம் விளங்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ரோசலின் என் கட்டிடத்துக்கு வந்தது 2001-ல். செம்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா இருதயநாதன் பள்ளிக்கூட வாத்தியார். இவள் கணக்கில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, கல்யாணம் ஆகவில்லை, வேலைக்கும் எவனிடமும் போகமாட்டேன் என்று மாடி அறையைக் கேட்டு வந்து நின்றாள்.

"என்ன கடைம்மா?"

"பிரவுசிங் சென்டர்ங்கய்யா. நாலு கம்ப்யூட்டர் போடுறேன்."

"அதுல என்ன விப்ப?"

"ஒண்ணும் விக்க மாட்டேன். வருவாங்க, உக்காந்து பாப்பாங்க, போவாங்க."

"சினிமாக் கொட்டகையா?"

"கிட்டத்தட்ட."

அந்தப் பதிலுக்காகவே சாவியைக் கொடுத்தேன். வளைந்து பேசுகிறவர்களுக்கு நான் இடம் விடுவதில்லை.

மத்தியான வெயிலில் யாரும் மாடி ஏற மாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் தனியாக உட்கார்ந்து இங்கிலீஷ் பக்கங்களாகப் படித்துக்கொண்டிருப்பாள். ஒரு பக்கம் வந்து சேருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம், அவ்வளவு மெதுவான இன்டர்நெட். படித்ததை அச்செடுத்து, மளிகைக் கடையில் பில் குத்துகிற மாதிரிக் கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பாள். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பரிச்சைக்குப் படிக்கிறியா தாயி?"

"ஹேக்கிங் படிக்கிறேன்யா. அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள்ள எப்படி நுழையுறதுங்கிற படிப்பு."

"அடியாத்தீ! இதை எவன் சொல்லிக் குடுக்குறான்?"

"தெரிஞ்சவங்க எழுதிச் சும்மா போட்டு வச்சிருக்காங்க. ஒருத்தன் ருமேனியாவுல இருக்கான், ஒருத்தன் பிரேசில்ல இருக்கான். மூஞ்சிகூடத் தெரியாது. சில பேரு 'வா, வந்து உடைச்சுப் பாரு'ன்னு உடைக்கிறதுக்குன்னே ஒரு இடம் கட்டி விட்டிருக்காங்கய்யா. முதல் கதவு சுலபம். போகப் போக மண்டை காஞ்சிரும்."

அப்படி ஒரு கதவில் அந்த ஆடி மாதம் முழுக்க முட்டிக்கொண்டு நின்றாள். அது திறந்த அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் கீழ்க்கடை டெய்லர் கத்தரிக்கோலைக் காலில் போட்டுக்கொண்டான்.

சுவரில் மட்டும் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். தமிழில் பெரிசாக எழுதியது: 'சொந்தக்காரர் சொல்லாமல் எந்தப் பூட்டையும் தொடாதே.' அவள் படித்த முதல் பாடமே அதுதானாம். திருடன் வருகிற வழியை அவனுக்கு முன்னால் தெரிந்துகொண்டு அடைக்கத்தான் இந்தப் படிப்பு என்றாள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு எம்.ஏ. வேண்டியிருக்கவில்லை.

2003-ல் மாடி முகப்பில் புதுப் போர்டு ஏறியது. 'ரோஸ் பிரவுசிங் சென்டர். இங்கு ஹேக்கிங் கற்றுத் தரப்படும்.' சிவப்பு எழுத்து. ஆறு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் பேட்டை வியாபாரிகளின் பிள்ளைகள்.

அந்த வியாபாரிகளுக்கும் ஈமெயில் அவளிடம்தான். கேரளத்துக்காரர்கள் மெயிலில் ஆர்டர் கேட்க ஆரம்பித்திருந்த சமயம். பாஸ்வேர்டு அடிக்கிற இடம் வந்ததும் ரோசலின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"என்னம்மா, கோவமா?" என்றார் வியாபாரிகள் சங்கத் தலைவர் முத்துச்சாமி.

"நான் பாக்கக்கூடாதுங்க. இது குளிக்கிற மாதிரி, தனியாச் செய்யணும்."

முத்துச்சாமி யார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் அப்பா கமிஷன் கடையில்தான் நான் மூட்டை சுமந்தேன். சொந்தக் கட்டிடம் எழுப்பிய பிறகும் அவரைப் பார்த்தால் என் வாய் தானாக 'முதலாளி' என்றுதான் கூப்பிடும்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் காலை, முத்துச்சாமி நாலு வியாபாரிகளோடு தடதடவென்று மாடி ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். நடந்தது இதுதான். அவர் மெயிலிலிருந்து கேரளத்துக்காரனுக்கு 'இந்த வாரம் லோடு இல்லை' என்று யாரோ அனுப்பிவிட்டார்கள். அவன் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டான். இவர் கடையில் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக முளைத்துக் கிடந்தது.

"உள்ள நுழையுறதுக்கு ஊருக்கே பாடம் நடத்துறவ இவதான். வேற எவ செய்வா? போர்டு போட்டுத் திருடுறாய்யா!"

"திருடுறவ போர்டு போடுவாளா?" என்றாள் ரோசலின். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"வாயப் பாரு! ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப்போறேன்."

"குடுங்க. அதுக்கு முன்னாடி உங்க பூட்டு எம்புட்டுக் கெட்டின்னு பாத்துருவோமா? நீங்க உங்க வாயால சொன்னாத் தொடுறேன். இல்லேன்னா தொட மாட்டேன்."

"எங்க, திற பாப்போம்!" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? அவரே சொல்லிட்டாரு." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவள் என்னைக் கேட்டாள். "அய்யா, பேட்டையில மூட்டை எப்படி எண்ணுவீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கேட்டால் நாக்கு சும்மா இருக்குமா? "லாபம், ரெண்டு, மூணு..." என்று பழைய குரலில் இழுத்தேன்.

'லாபம்' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். திறக்கவில்லை. முத்துச்சாமி சிரித்தார். அதன் பக்கத்தில் 2, 3 என்கிற எண்களையும் சேர்த்து அடித்தாள். திறந்துகொண்டது.

 பெரியகருப்பன் என்கிற வியாபாரி தலையில் கை வைத்தார். "அட கிரகமே, என்னோடதும் அதான்யா!"

"என்னோடதுல நாலு வரைக்கும் இருக்கு," என்றார் இன்னொருவர், தன்னுடையது பெரிய பூட்டு என்கிற மாதிரி.

"பேட்டையில மூட்டை எண்ணத் தெரிஞ்ச எவனும் இதைத் திறந்திருக்கலாம்," என்றாள் ரோசலின். "உங்க கணக்குப்பிள்ளை, லோடுமேன், எதுத்த கடைக்காரரு, எல்லாருந்தான். இதைத்தான் நான் பாடமாச் சொல்லிக் குடுக்குறேன்."

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் முத்துச்சாமி மூஞ்சி வெங்காயத் தோல் நிறத்துக்குப் போயிருந்தது. நாலு பேர் முன்னால் அவர் பூட்டு வாயைப் பிளந்துவிட்டதே!

"பாத்தீங்கல்ல, கண்ணு முன்னாடி திறந்துட்டா! இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்? ஏலே நல்லு, இவளை இன்னைக்கே காலி பண்ண வை."

பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி, போனாப் போகுது, பொம்பளப் புள்ள. போர்டுல அந்த ஒரு சொல்ல மட்டும் அழிச்சிரு. கம்ப்யூட்டர் கிளாஸ்னு எழுதிக்க. நான் ஸ்டேஷனுக்குப் போகலை."

முத்துச்சாமி விடியும்போதே சொல்லி அனுப்பியிருந்ததால் இருதயநாதன் வாத்தியாரும் அதற்குள் வந்துவிட்டிருந்தார். "அழிச்சிரும்மா ரோசு. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசி வர்றவங்க இந்தப் போர்டைப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

ரோசலின் அப்பாவைப் பார்த்தாள். பிறகு முத்துச்சாமியைப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் படிப்பை மூஞ்சி தெரியாதவங்க எனக்குக் கூச்சப்படாமக் குடுத்தாங்க. நான் மட்டும் பேரை மாத்தி ஒளிச்சு வச்சுச் சொல்லிக் குடுக்கணுமா? இன்னைக்கு அந்தச் சொல்ல அழிச்சா, மெயிலை அனுப்புனது நான்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அழிக்க மாட்டேன். நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க, நானும் வாரேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிடம் என்னுடையது அல்லவா?

"கட்டிடம் என்னோடது, போர்டு அவளோடது," என்றேன். "ரெண்டையும் தொடணும்னா என்னைத் தாண்டிப் போ, முத்துச்சாமி."

அவர் பேரை அவர் எதிரில் நான் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. வாயில் அது அத்தனை சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம். அவர் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போனார்.

சொன்னபடி எழுதிக்கொடுத்தார். ரோசலின் கொக்கிக் கம்பியோடு பாடங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நானும் போனேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னாள். சுவரிலிருந்த தாளையும் உரித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அவள் பேரில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மெயிலை அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஊர் அவ்வளவு சீக்கிரம் விடுமா? ஆறு பிள்ளைகளில் நாலு பேரை நிறுத்திவிட்டார்கள். என் கீழ்க்கடை ஒன்றில் இருந்த சங்கத்து ஆளும் காலி செய்துகொண்டு போனான். போகட்டும் என்று பூட்டிப் போட்டேன். நாலு சந்தை கழித்து, பெரியகருப்பன் மட்டும் துண்டால் தலையை மூடிக்கொண்டு பின்படி வழியாக ஏறிவந்து பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்றைக்கே அவள் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிறையாது. போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டுவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

"எதை அழிக்கப் போற?"

"அழிக்கலைய்யா, சேக்கப்போறேன். முன்னாடி என் பேரைப் போடலை. அதான் மொட்டைப் போர்டுன்னு எவனும் வந்து மிரட்டுறான்."

ஹேக்கிங் என்கிற சொல்லுக்கு நேர் கீழே அதே சிவப்பில் எழுத வைத்தாள்: 'ஆசிரியை: இ. ரோசலின், பி.எஸ்ஸி.' ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கட்டிய சுவரில் அடித்த ஆணி, ஆடாது. இது 2009. போர்டு அங்கேயேதான் இருக்கிறது, அவளும் மாடியில்தான் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். இறக்கச் சொல்ல ஆள் இருந்தால் வரட்டும், நானும் கீழேதான் இருக்கிறேன்.