ஏழாம் நம்பர் ஷூ

என் மனைவிக்கு சுகர் இருப்பது தெரிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மாதாமாதம் மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும்மா. இல்லன்னா அடுத்தது ஊசிதான்" என்றார். ஊசி என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மிஷின் போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளவுஸ் தைப்பாள். எழுந்து நடப்பதென்றால் சமையலறைக்கும் வாசலுக்கும்தான். அவள் என் அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

"நான் ஒருத்தியா ரோட்ல நடந்து போனா எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க மாமா" என்றாள்.

அதற்கு வழி கண்டுபிடித்தது எங்கள் மகள். அவள் அப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. "நாலு பேருமே நடக்கலாம். தினம் காலையில சில்வர் பீச் வரைக்கும். ஆனா செருப்போட வேணாம். நாலு பேருக்கும் நல்ல ஷூ வாங்கிடலாம்" என்றாள்.

மூன்று நாள் செல்போனில் அதைப் பற்றியே படித்தாள். ஷூ வாங்க சாயங்காலம்தான் போக வேண்டுமாம். அப்போதுதான் கால் லேசாக வீங்கி முழு அளவுக்கு வந்திருக்குமாம். சாக்ஸ் போட்டுக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும், கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதையெல்லாம் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். என் மனைவி சிரித்துக்கொண்டே, "பொண்ணு பாக்கப் போறதுக்குக் கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

கடலூரில் கடை இல்லாமலில்லை. கோயிலுக்கும் போனது போல் இருக்கட்டும் என்று என் மனைவி சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். நான் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த செருப்புக் கடை ஒன்று இருந்தது.

கோயிலில் தரிசனம் முடிந்து வெளிப் பிரகாரத்துக்கு வந்தபோது உச்சி வெயில். கல் கொதித்தது. நானும் பிள்ளைகளும் குதித்துக் குதித்து ஓடி நிழலில் போய் நின்றுகொண்டோம். அவள் பூக்கூடையைக் கையில் பிடித்தபடி நிதானமாக நடந்து வந்தாள்.

"அம்மாவப் பாருடா. எப்படி வராங்க" என்றாள் மகள்.

"பக்தி வேணும்டி" என்றாள் அவள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கல்லில் அவளுக்குச் சூடு தெரியவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைக்குள் நுழையும்போது நாலரை மணி இருக்கும். முதலில் எனக்குப் பார்த்தோம். ஏழெட்டு ஜோடி போட்டுக் கழற்றினேன். ஒன்றில் குதிகால் உரசியது, ஒன்றில் விரல் இடித்தது. மகள் குனிந்து தன் கட்டைவிரலை வைத்து அளந்து, "இதான்ப்பா சரி" என்று சொன்ன பிறகுதான் ஒரு கறுப்பு ஷூவை ஒத்துக்கொண்டேன். பையனுக்கு இன்னும் நேரமானது. அவனுக்கு அளவு சரியாக இருந்தால் நிறம் பிடிக்கவில்லை. பிறகு மகள் தனக்கு எடுத்தாள். யாருக்காக வந்தோமோ அவள் எங்கள் பைகளையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு, எது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில்தான் அவள் முறை வந்தது. அதற்குள் வெளியே மூட்டம் போட்டுவிட்டது.

"சீக்கிரம்மா, மழை வரப் போவுது" என்றாள் மகள்.

என் மனைவி வாழ்நாளில் ஷூ போட்டதில்லை. வருடக்கணக்கில் வார் செருப்பு போட்டு அகன்றுபோன கால். கடையில் வேலை செய்யும் பெண் முன்னால் உட்கார்ந்து ஏழாம் நம்பர் ஷூ ஒன்றை மாட்டிவிட்டாள். சாம்பல் நிறம், உள்ளே ரோஸ் துணி. என் மனைவி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது.

அந்தப் பெண் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். "விரல் இடிக்குதாம்மா?"

"இல்லியே."

"இடமே இல்லம்மா. எட்டு போட்டுப் பாருங்க. லேடீஸ்ல ஏழோட முடிஞ்சிடுது, ஜென்ட்ஸ்லதான் எட்டு வரும்" என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். நான் எடுத்த அதே கறுப்பு ஷூ. என் மனைவி அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று இரண்டு அடி வைத்தாள்.

நான் சொன்னேன், "அடேங்கப்பா, போலீஸ்காரி மாதிரி இருக்க. இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஷூ போதும்." சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் குழந்தைக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் உட்கார்ந்து கறுப்பு ஷூவைக் கழற்றினாள். "இது கால்ல இருக்கறதே தெரியல மாமா. அந்த ஏழே இருக்கட்டும். அதான் நல்லா பிடிப்பா இருக்குது."

"டைட்டா இருக்கும்மா" என்று கடைப் பெண் இன்னொரு முறை சொன்னாள்.

"அவுங்களுக்குப் பிடிச்சதயே குடும்மா" என்றேன் நான்.

ஒரு மாதம் நடந்தோம். அத்தனை சந்தோஷமாக இருந்தோம். ஆறு மணிக்குக் கிளம்பி தேவனாம்பட்டினம் சாலையில் போவோம். பிள்ளைகள் முன்னால் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே பின்னால் போவோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப் பேசிக்கொண்டு நடந்ததே கிடையாது. கடற்கரையில் அவள் ஷூவைக் கழற்றாமல் மணலில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். வலைகளைத் தட்டிக்கொண்டிருக்கும் மீன்காரப் பெண்களிடம் என்ன மீன் விழுந்தது என்று கேட்பாள். ஒரு நாள் ஒருத்தி, "இன்னா அக்கா, ஷூவெல்லாம் பலமா இருக்குது" என்று கேட்டதற்கு, "எங்க மாமா வாங்கிக் குடுத்தாரு" என்று சொன்னாள்.

அவளுடைய வலது கால் சாக்ஸில் சுண்டுவிரல் பக்கம் ஒரு கறை வந்திருக்கிறது. ஷூவுக்குள் இருக்கும் ரோஸ் துணியின் சாயம் என்று நினைத்துத் துவைத்துப் போட்டுவிட்டாள். மறுநாளும் வந்திருக்கிறது. அதையும் துவைத்திருக்கிறாள். வலியே இல்லை. இதையெல்லாம் பிறகுதான் சொன்னாள்.

ஐந்தாவது வாரத்தில் முன்னறையில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று நானும் பையனும் பீரோவை நகர்த்தினோம். துணி மூட்டைகளைப் பிரித்து உதறினோம். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "அந்த மூலைல பாருங்க, போன வருஷமும் அங்கதான் கெடந்துது" என்று கைகாட்டினாள். மகள் பெருக்குவதற்காக மிஷினுக்குக் கீழே குனிந்தாள். குனிந்தவள் எழவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டாள். மிஷின் பெடலில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் அம்மாவின் சுண்டுவிரல் கறுத்திருந்தது.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காய்ச்சல் அடங்கவில்லை. எட்டாம் நாள், முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப் போகும் முன் அவள் என் கையைப் பிடித்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அந்தப் பச்சை பிளவுஸுக்குக் கை மட்டும்தான் வைக்கணும் மாமா. பின்னால தெருவுல தைக்கிற அக்காகிட்ட குடுத்துத் தெச்சு வாங்கி, துணி குடுத்தவங்ககிட்ட சேத்துடுங்க. பாவம், முகூர்த்தம் வருது" என்றாள்.

இடையில் ஒரு நாள் அங்கிருந்த டாக்டரம்மா அவள் போட்டிருந்த ஷூவைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதற்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, சுண்டுவிரல் படும் இடத்தைத் தடவினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"கால்ல உணர்ச்சி கொறஞ்சி போச்சின்னா, டைட்டா இருக்கறதுதான் அவங்களுக்குச் சரியா இருக்கற மாதிரி தெரியும் சார். சரியான அளவு போட்டா கால்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அதனால இந்த மாதிரி இருக்கறவங்களுக்கு வாங்கும்போது அவங்கள கேக்கக் கூடாது. கூட இருக்கறவங்கதான் பாக்கணும். வீட்டுக்கு வந்ததும் கழட்டிப் பாதத்தையும் பாக்கணும்."

கடையில் அவள்கூட நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கோயில் கல்லில் அவள் நடந்து வந்தது என் கண் முன்னால் வந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்து மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். பையன் பெடலை இடது பக்கம் நகர்த்தி வைத்தான். இடது காலுக்கு அழுத்தம் பழக நாளாயிற்று. தையல் கோணலாக ஓடும். பிரித்துப் பிரித்துத் தைப்பாள். அவளுடைய இடது பாதத்தை நான் தினமும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கூச்சப்படுவாள். "விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்பாள். நான் விட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் சிரிக்காம இருந்திருந்தா நீ அந்தப் பெரிய ஷூவ எடுத்திருப்ப."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "நீங்க சிரிச்சீங்களா? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றாள். "எனக்கு அந்த ரோஸ் புடிச்சிருந்துது. அவ்வளவுதான்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல் இருந்தது. எழுந்து போய் இருவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவள் டம்ளரை வாங்கி மிஷின் பலகையில் வைத்தாள். கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு நூலைக் கத்தரித்துக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "போலீஸ்காரின்னு சொன்னீங்க" என்றாள்.

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. அடுத்த துணியை எடுத்து வைத்து மிஷினை ஓட்டினாள்.

அதற்கு அடுத்த கார்த்திகையில் அவள் போய்விட்டாள். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சில் என்னவோ செய்கிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கால் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், இல்லை என்று சிலர் சொன்னார்கள். நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மகளுக்குப் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்தது. வருஷத் திதிக்கு முதல் நாளே வந்துவிட்டாள். விடிந்ததும் சமையலறையில் நான் காய் நறுக்க, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு, "அப்பா, நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மழை வருது, மழை வருதுன்னு சொன்னேன் இல்ல. உங்களுக்கு அளந்தேன், தம்பிக்கு அளந்தேன், எனக்கும் பாத்துக்கிட்டேன். அம்மாவுக்கு மட்டும் அளக்கல. அவ்வளவு படிச்சிட்டுப் போயி, அம்மாவுக்கு அளக்கலப்பா."

அத்தனை நாளும் அவள் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். "உன் மேல தப்பு இல்லம்மா. நான்தான் சிரிச்சேன். அதனாலதான் அவ அத கழட்டினா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நானும்தான் சிரிச்சேன். நீங்க பாக்கல" என்றாள்.

பையன் அந்த நாளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மணிக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்தோம். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், அவள் தைத்த பிளவுஸ்களைப் பற்றிப் பேசினார்கள், கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் மகளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாக, "பிரஷர் மாத்திர போட்டுக்கங்கப்பா, மறந்துடாதீங்க" என்றாள். தலையாட்டினேன்.

பஸ் போனதும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு, "பாண்டி பஸ்ஸு போயிடுச்சிங்களா?" என்று கேட்டார்.

"இப்பதான் போச்சு" என்றேன்.